உப்புத் தண்ணீரில் பழகிய கை

வாட்டர் போலோவில் பந்தை எறிவது கையின் வேலை என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பாதிக்கு மேல் அது காலின் வேலை. கால் தரையில் படக் கூடாது, கோல்கீப்பர் தவிர மற்றவர்கள் பந்தை ஒரு கையால்தான் தொடலாம். தண்ணீருக்கடியில் இரண்டு கால்களையும் மாறி மாறிச் சுழற்றி, நெஞ்சு வெளியே தெரிய எழும்பி, அந்த ஒரு நொடியில் எறிந்துவிட வேண்டும். மட்டாஞ்சேரியில் எங்கள் அணியின் ஏழு பேரில் என்னைப்போல் எழும்புகிறவன் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு அன்றும் கூச்சம் இருந்ததில்லை, இன்றும் இல்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் எனக்குக் குமாஸ்தா வேலை. நீச்சல் குளம் என்ற ஒன்றை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கிடங்குக்குப் பின்னால் உப்புக் காயலில் இரண்டு மூங்கில்களை ஊன்றி, பழைய மீன்வலையைக் கட்டினால் அதுதான் கோல். வலை கொண்டுவந்தவன் எங்கள் கோல்கீப்பர், வைப்பின்காரன், என் வயதுதான். ஞாயிறு காலை படகில் அக்கரையிலிருந்து வந்து, இறங்குதுறையிலிருந்து நடந்தே வருவான். நான் தமிழ் பேசும் பிராமண வீட்டுப் பிள்ளை என்பதால் என்னைச் "சாமி" என்றுதான் கூப்பிடுவான். மற்றவர்கள் சாயா குடிக்கப் போன பிறகும் நாங்கள் இருவரும் தண்ணீரிலேயே கிடப்போம். சொல்லிக்கொடுக்க எங்களுக்கு ஆள் இல்லை. அவன் எதைப் பிடித்தானோ அதை விட்டுவிடுவேன், எதைத் தவறவிட்டானோ அதையே நூறு தடவை எறிவேன்.

தத்துப்பந்து அப்படி அகப்பட்டதுதான். ஓட்டாஞ்சில்லைக் குளத்தின் மேல் தத்தவிடுவதுபோல, பந்தை அவனுக்கு ஒரு முழம் முன்னால் தண்ணீரில் அடித்தால் அது துள்ளி அவன் தோளைத் தாண்டும். முகத்தில் தண்ணீர் தெறிக்கும், அவன் கண்ணை மூடிக்கொள்வான். உப்புத் தண்ணீர் பட்டால் யார்தான் மூடமாட்டார்கள்? நாங்கள் எல்லோரும் மூடினோம். அதை ஒரு குறையாகவே நான் எண்ணவில்லை. ஆனால் எழும்பி எறிவதில் இருக்கும் பவிசு இதில் இல்லை என்று, தத்துப்பந்தை நான் அதிகம் எறியமாட்டேன்.

நாலு வருஷம் இப்படிப் போனது. பிறகு அவனுக்கு ஆலுவா பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கேயே தங்கி, அங்குள்ள அணிக்குக் கோல்கீப்பரும் ஆகிவிட்டான். அவன் போன பிறகு எனக்குக் கை ஓடவில்லை. இரண்டு மாட்சில் ஒரு கோல்கூடப் போடவில்லை. அடுத்த மாட்ச் ஆலுவாவில், பெரியாற்றில், அவன் அணியோடு. எங்கள் கேப்டன் பாலக்காட்டுக்காரர், என்னைவிட எட்டுப் பத்து வயது பெரியவர்.

"அங்கே ஒரு கோல் போடலேன்னா, இனி நீ கரையில இருந்தா மதி, இறங்கவேண்டாம், கேட்டியா," என்றார்.

"ஒண்ணு என்ன, மூணு போடறேன்," என்றேன். வாய்க்கொழுப்புதான், ஆனால் நம்பித்தான் சொன்னேன்.

மாசி மாதம். காயலில் உப்பு ஏறிக் கிடந்த நேரம். ஆறோ நல்ல தண்ணீர். மழைக்காலத்தில் காயலும் உப்புக் குறைந்து நல்ல தண்ணீராகும், ஆனால் ஓட்டத்துக்குப் பயந்து அப்போது நாங்கள் இறங்கமாட்டோம், அதனால் உப்பில்லாத தண்ணீரில் நான் பந்தை எறிந்ததே இல்லை. முதல் தடவை எழும்பியபோது, நெஞ்சுக்குக் கீழே நிற்கவேண்டிய தண்ணீர் தோளெலும்பில் நின்றது. பந்து கையை விட்டுப் போனதும் தொய்ந்தது. அவன் சாவகாசமாகப் பிடித்தான். இரண்டாவதையும் பிடித்தான். மூன்றாவதை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சாமி, இது ஆறு. உப்பில்ல. தாழும் கேட்டோ."

எனக்கு உச்சிவரை கோபம் வந்தது. கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் துண்டைக் காவல் காப்பதை நினைத்தேன். உடம்பு எழும்பாவிட்டால் போகிறது, பந்து ஏன் எழும்ப வேண்டும்? அடுத்த பந்து கைக்கு வந்ததும் மேலே எழும்புவதுபோல் தோளைக் காட்டினேன். அவன் கைகள் உயர்ந்தன. பந்தை அவன் முகத்துக்கு முன்னால் தண்ணீரில் அடித்தேன். அது அவன் காதை ஒட்டிக்கொண்டு வலைக்குள் போனது. மூடிய கண்ணை அவன் திறந்தபோது பந்து பின்னால் மிதந்துகொண்டிருந்தது.

ஒன்றுக்கு இரண்டு என்று நாங்கள் தோற்றோம். கரையேறியதும் கேப்டன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "அது கோலா? சிநேகிதனுக்கு விட்டுக்கொடுத்திருக்கான். நான் கணக்குல சேர்க்கமாட்டேன்," என்றார். அப்படியும் இருக்குமோ என்று ஒரு கணம் நானே நினைத்துவிட்டேன், அதுதான் அவமானம்.

சற்றுத் தள்ளித் தன் அணி ஆட்களோடு நின்றிருந்த அவன் காதில் அது விழுந்துவிட்டது. அவர்கள் நடுவிலிருந்து வந்தான்.

"விட்டுக் கொடுத்ததில்ல சாறே. நான் கண்ணை மூடிட்டேன். உப்பு வெள்ளத்துல வளர்ந்த கண்ணு. இது ஆறுன்னு எனக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியில்லா."

தன் அணியின் கேப்டன் கேட்கும்படியே சொன்னான். பந்து வரும்போது கண்ணை மூடுகிறேன் என்று எந்தக் கோல்கீப்பரும் வாயால் சொல்லமாட்டான்.

என் இடம் எனக்குக் கிடைத்தது. அடுத்த மாட்சில் அவனைக் கரையில் உட்காரவைத்தார்கள் என்று ஆலுவாவிலிருந்து வந்த ஒரு லாரி டிரைவர் சொன்னார். அந்த ஞாயிறே பந்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் ஆலுவாவுக்குப் போனேன்.

"எதுக்கு வந்தே?" என்றான்.

"இறங்கு," என்றேன்.

அன்று முழுக்கத் தத்துப்பந்து மட்டும்தான் எறிந்தேன். முகத்தைப் பார்த்தே எறிந்தேன். மத்தியானம்வரை மூடினான். வெயில் சாய்ந்த பிறகு நான் எறிந்த எதுவும் உள்ளே போகவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட, சிவந்த இரண்டு கண்களையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு, "இனியும் எறி சாமி," என்றான்.