பூவரசங்குளத்தில் எங்கள் முதிரைக் கன்றுகள்

முரசுமோட்டையில் எங்கள் வயல் நடுவே ஒற்றை முதிரை நிற்கிறது. வீடு போய்விட்டது, கிணறு தூர்ந்துவிட்டது, அப்பாவும் இல்லை. மிஞ்சியது அந்த மரம்தான். கோடையில் அதன் சிறகு முளைத்த விதைகள் பறந்து வந்து அப்பாவின் சோற்றுக் கோப்பையில் விழும். எறியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வன்னிக் காட்டில் முதிரைகள் நுனி கருகிச் சாகின்றன என்று கேள்விப்பட்டதும், பச்சைப் பசேலென்று நின்ற எங்கள் மரத்தின் விதைகளைப் பொறுக்கி, நோய் தாங்கும் கன்றுகளைத் தேடி வளர்க்கும் பூவரசங்குளத்து நாற்றுமேடைக்கு அனுப்பினேன். அது போன வருடம். இந்த ஆவணியில் முடிவு பார்க்கப் போனேன்.

கொழும்பிலிருந்து காலை ரயிலில் வவுனியா வந்து இறங்க 11.20. அங்கிருந்து மன்னார் வீதியில் ஓட்டோவுக்கு 1,800 ரூபா. பேரம் பேசினால் குறையும், எனக்குப் பொறுமை இல்லை.

"ஆரைப் பாக்கப் போறீங்க?" என்று ஓட்டோக்கார நஸீர் நானா கேட்டார்.

"பிள்ளைகளை."

"எத்தின பேர்?"

"இருபத்திநாலு."

திரும்பிப் பார்த்ததில் ஓர் ஆடு மயிரிழையில் தப்பியது.

நாற்றுமேடையைப் பார்க்கும் சிவதர்சினிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் பெயர் எழுதிய இருபத்துநான்கு பைகளையும் காட்டினாள். எல்லாவற்றிலும் காய்ந்த குச்சி.

"எல்லாம் பட்டுப்போச்சோ?"

"ஓம் அக்கா. தண்டைக் கீறி, நோயை வச்சுத்தான் பாக்கிறனாங்கள். ஒண்டும் நிக்கேல்லை."

"வேணுமெண்டே நோய் குடுத்தனீங்களோ?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"குடுக்காமல் எப்பிடித் தெரியும்? உங்கடை மரம் வயலுக்கை தனிய நிக்குது. நோய் அங்கை வரவேயில்லை. அது தப்பின மரம் அக்கா, தாங்கின மரமில்லை."

கடைசிச் சண்டைக்கு முன்பே கொழும்புக்குப் போய்விட்டவள் நான். அவளோ சண்டை முடியும்வரை முல்லைத்தீவில் இருந்தவள். மரத்தைத்தான் சொன்னாள், எனக்குத்தான் சுட்டது.

அடுத்த மேசையில் ஒன்பது கன்றுகள் உயிரோடிருந்தன. கீறிய இடம் புடைத்து மூடியிருந்தது. அவற்றின் தாய்மரத்தைப் போனில் காட்டினாள். முல்லைத்தீவுக் காட்டில் நிற்கும் அது ஒரு கூனல் மரம். பாதிக் கொப்பு கருகி, அடிமரத்தில் புதுத்துளிர். மரம் வாங்கி விற்கும் மரக்காலைக்காரர் திரும்பியும் பார்க்கமாட்டார்.

"இதுகளை உங்கடை மரத்துக்குப் பக்கத்திலை நட விடுவீங்களோ? உங்கடையது நேரா வளந்த மரம். இது நோய் தாங்கும். ரெண்டும் பூத்து மகரந்தம் கலந்தால், ரெண்டு குணமும் உள்ள விதை கிடைக்கலாம்."

வெளியே போய்க் கொஞ்சம் அழுதேன்.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோங்கள், பக்கத்தில் கடை இல்லை. ஓட்டோவைத் திருப்பி அனுப்பாதீர்கள். விதை கொடுப்பதென்றால், மரத்துக்கு அருகில் நோய்ப்பட்ட மரங்கள் உண்டா என்று கட்டாயம் எழுதுங்கள். நான் "மிக நல்ல ஆரோக்கியம்" என்று மட்டும் பெருமையடித்திருந்தேன்.

ஐப்பசி மழையோடு ஒன்பது கன்றுகளும் முரசுமோட்டைக்கு வருகின்றன. நிறமும் உயரமும் பார்த்துச் சம்பந்தம் பேசுகிற அப்பா, கூனலும் தழும்புமான இடத்துக்கு ஒருநாளும் சம்மதித்திருக்கமாட்டார். ஆனால் அவருடைய மரத்துக்கு இனி வாரிசு வேண்டுமென்றால், தாங்கியவர்கள் வீட்டிலிருந்துதான் பெண் எடுக்கவேண்டும். உள்ளே போய் ஓம் என்று சொன்னேன். சாதகக் குறிப்புக்கூடக் கேட்கவில்லை.