தயாபரி அக்கா குடித்த தேநீர்

தயாபரி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் வயல் வரம்பில் நின்றேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் கடைசி வாய்க்காலுக்குப் பக்கத்து வயல். பயிரின் அடியில் தத்திப்பூச்சி விழுந்திருக்கிறதா என்று குனிந்து பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். “கலா, எங்கட தயாபரி அக்கா விடியக்காலமை மோசம் போயிட்டாவாம். நெஞ்சு நோகுது எண்டவவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுது.” ஓம் ஓம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டு, இன்னும் நாலு பயிரைப் பிரித்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அவரிடம் கேட்க வேண்டிய ஒன்றை இனிக் கேட்க முடியாது என்ற பயம்தான் வந்தது.

அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அக்காவின் தங்கை தர்சினி கேட்டா. விவசாயப் போதனாசிரியர்களாக நானும் அக்காவும் ஒரே அலுவலகத்தில் நீண்ட காலம் வேலை செய்தவர்கள். மலரை வாங்கிப் படிக்கப்போகிற நீங்கள் பெரும்பாலும் அவரை அறிந்தவர்கள். உங்களில் பலருக்கு அவரைப் பற்றி ஒரு கதையும் தெரியும். அந்தக் கதையை முதலில் சொன்னது யார் என்று உங்களுக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன்.

அதற்கு முன் அவருடைய தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டும். போர் முடிந்து மீள்குடியேறி வந்த முதல் வருடம், ஒரு வீட்டுத்தோட்டத்தில் மிளகாய்க் கன்றுகள் வாடி நின்றன. நான் வேலைக்குப் புதிது. வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார். “வாடினதைக் கண்ட உடன தண்ணி விடாதையும் கலா. கிண்டி வேரைப் பாரும் முதல்.” கிண்டிப் பார்த்தால் வேர் தண்ணீர் கூடி அழுகிக் கிடந்தது. அந்த வசனத்தை நான் எத்தனையோ விவசாயிகளுக்குச் சொல்லிப் பெயர் வாங்கியிருக்கிறேன். அவரைப் பார்த்தபோது மட்டும் எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அப்போது என்னிடம் வாகனம் இல்லை. அக்கா காலை ஆறரைக்குத் தன் ஸ்கூட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவார். எங்கள் வீடு அப்போது தகரக் கொட்டில். இருந்த ஒரே கதிரையை அம்மா துடைத்துப் போட்டு, தேநீரோடு வந்து நிற்பா. “இல்லை அம்மா, நான் காலமையில தேத்தண்ணி குடிக்கிறேல்லை” என்பார் அக்கா. அடுத்த நாளும் அதே பதில். நிவாரணத்தில் கிடைத்த பால்மாவில் இரண்டு கரண்டி கூடப் போட்டு அம்மா ஆற்றிக் கொடுத்த நாளும் அதே பதில்தான். ஒரு கிழமைக்குப் பிறகு அம்மா, “எங்கட வீட்டில கை நனைக்கக்கூடாது போல. விடு பிள்ளை” என்றா. அதைச் சொன்னபோது அவவின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் எழும்பிப் போனால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. சாதி என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அக்காவின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து வயல் எடுத்த குடும்பம். அவர்கள் எந்த ஆக்கள் என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் எந்த ஆக்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். ஒரே பங்கருக்குள் இருந்து, ஒரே முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்று வந்த பிறகும் இதெல்லாம் போகவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஏழே காலுக்குச் சந்திக் கடையில் ஸ்கூட்டியை நிறுத்தினார் ஒருநாள். “வாரும், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்.” பால் தேநீர், கூடவே இரண்டு வடை. ருசித்துக் குடித்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் தேநீர் குடிக்காதவர் காலையில் தேநீர் குடிக்கிறார். அம்மாவின் கையால் மட்டும்தான் ஆகாது. இதற்கு மேலும் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அலுவலகத்தில் சொன்னேன். விதைநெல் கொடுக்கப் போன இடத்தில் சொன்னேன். “தயாபரி மிஸ் நல்லவதான், ஆனால் கொஞ்சம் ஆக்கள் பாக்கிறவ.” சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வேன். குரலைத் தாழ்த்திச் சொன்ன கதைதான் கால் முளைத்து நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு விவசாயிகள் கூட்டத்தில் அது அவரிடமே வந்து சேர்ந்தது. கூட்டம் முடிய வீட்டுக்கார ஐயா ஒருவர் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: “மிஸ், எங்கட வீட்டில தண்ணி குடிப்பியளோ? இல்லாட்டி போத்தில் கொண்டு வந்தனியளோ?” இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அக்காவுக்குச் சில விநாடிகள் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவர் திரும்பி என்னைத்தான் பார்த்தார். நான் கொப்பியில் ஏதோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் அந்த ஐயாவிடம் செம்பை வாங்கி, முழுத் தண்ணீரையும் வாய் வைத்துக் குடித்துவிட்டுக் கொடுத்தார்.

அடுத்த நாள் ஆறரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து கதிரையில் இருந்தார். “அம்மா, எனக்கும் ஒரு தேத்தண்ணி போடுங்கோ. பால் கொஞ்சம் கூட.” அம்மாவுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். அன்றிலிருந்து ஒருநாளும் தவறவில்லை. எங்கள் வீடு மட்டுமல்ல, காலையில் காலடி வைத்த வீடெல்லாம் குடித்தார். அவரை நான்தான் திருத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெருமையோடு பல வருடம் திரிந்தேன் என்பதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அதன் பிறகு அவர் மெல்ல மெல்ல மாறினார். முகம் ஊதியது. குரல் தடித்தது. சித்திரை வெயிலில் நாங்கள் வியர்த்து வழிய அவர் சுவெட்டர் போட்டுக்கொண்டு வருவார். கேட்டால், “எனக்குள்ள ஆரோ ஐஸ்பெட்டியைத் திறந்து வைச்சிட்டுப் போட்டாங்கள்” என்று சிரிப்பார். ஒருநாள் வயல் பார்க்கப் போன இடத்தில் மருத மரத்தடியில் இருந்தபடியே தூங்கிவிட்டார். “சம்பளத்தோட நித்திரை, குடுத்து வைச்சவ” என்று நான் பகிடி விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தார். அறிக்கை எழுதுவதில் சுணக்கம் என்று மேலதிகாரியிடம் முறையிட்டதும் நான்தான். கடைசியில் அவரை வெளிவேலையிலிருந்து எடுத்து அலுவலக மேசையில் போட்டார்கள்.

பின்பு எனக்கு வந்தது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. இரண்டு படி ஏறினால் கால் இழுத்தது. இரத்தம் சோதித்துவிட்டு, தைரொய்ட் சுரப்பது குறைவு, இனிக் காலம் முழுக்கத் தினமும் ஒரு குளிசை விழுங்க வேண்டும் என்றார்கள். கிளினிக்கில் தாதி ஒருவர் சொல்லித் தந்தார்: “காலமை எழும்பின உடன வெறும் தண்ணியோட போடுங்கோ. ஒரு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணி, பால் ஒண்டும் வேண்டாம். குடிச்சால் குளிசை உடம்பில பிடியாது.” மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன். முன் வரிசை வாங்கில் சுவெட்டரோடு தயாபரி அக்கா இருந்தார். கையில் பழுப்பேறிய, மூலை மடிந்த கிளினிக் கொப்பி. ஒருநாள் இருநாளில் அப்படி ஆகிற கொப்பி இல்லை அது.

ஆறு மணிக்குக் குளிசை, ஆறரைக்கு எங்கள் வீடு, ஏழே காலுக்குச் சந்திக் கடை. நின்ற இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“நீரும் வந்திட்டீரோ?” என்றார் அக்கா. தள்ளி இருந்து இடம் விட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். “ஏன் அக்கா அப்பவே சொல்லேல்லை?”

“என்னெண்டு சொல்லுறது? எனக்குப் பேசின கலியாணம் இதாலதான் குழம்பினது. தைரொய்ட்காரிக்குப் பிள்ளை தங்காதாம் எண்டு அவையள் சொல்லிப்போட்டினம். பிறகு தர்சினிக்குப் பேசத் தொடங்கின நேரம். பரம்பரையா வாற நோயோ வருத்தமோ எண்டு கேப்பினம்.” என் பக்கம் திரும்பினார். “உம்மட்டச் சொல்லியிருந்தால் நீர் ஆருக்கும் சொல்லாமல் இருந்திருப்பீரோ?”

நான் கையிலிருந்த மருந்துத் துண்டை இன்னொரு தரம் மடித்தேன்.

“அப்ப ஏன் குடிச்சனீங்கள்? கூடாதெண்டு தெரியுந்தானே?”

“வருத்தத்தோட ஊருக்குள்ள வேலை செய்யலாம் கலா. அந்தக் கதையோட ஏலாது.” கோபமில்லாமல்தான் சொன்னார். “நாலரைக்கு எழும்பிப் போட்டும் பாத்தனான். அந்த நித்திரையில எழும்பவே முடியேல்லை. இஞ்ச கேக்கிறது, குளிசை ஒழுங்காப் போடுறனீங்களோ எண்டு. ஓம் எண்டுவன். அது பொய்யில்லைத்தானே? மருந்தைக் கூட்டிக் கூட்டித் தந்தவை. இப்ப வந்த டொக்டர்தான் தேத்தண்ணியைப் பற்றிக் கேட்டவர். இப்ப கந்தோரில மேசை வேலைதானே, பொறுத்துக் குடிக்கிறன்.”

மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. வாய் திறந்தேன். “அம்மா உங்களை விசாரிச்சவ” என்றேன். அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள், எழும்பிப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் அவர் உயிரோடு இருந்தார். எங்கள் இரண்டு மேசைகளுக்கும் நடுவில் ஒரு அலுமாரிதான் இருந்தது. அந்த அலுமாரியைச் சுற்றிப் போய், அக்கா, அந்தக் கதையைக் கட்டினது நான்தான், என்னை மன்னியுங்கோ என்று சொல்ல எனக்குக் கால் வரவில்லை. கதையைக் கேட்ட ஒருவரிடமாவது போய் அது பொய் என்றும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த கிளினிக்கில் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். தெரியாமல் சொன்னதை யாரும் பொறுப்பார்கள். தெரிந்த பிறகு பேசாமல் இருந்ததை நானே பொறுக்கமாட்டேன்.

செத்த வீட்டில் பந்தலுக்குள் இருந்தேன். எனக்குப் பின் கதிரையில் இரண்டு பேர் கதைத்தார்கள். “நல்ல மனுசி. முந்திக் கொஞ்சம் ஆக்கள் பாக்கிறவவாம். பிறகு திருந்தீட்டா.” என் வசனம், சொல் மாறாமல். பெட்டிக்குள் கிடத்தியிருந்த அவருடைய முகம் எனக்கு நேரே தெரிந்தது. அப்போதாவது திரும்பிப் பார்த்து, நிப்பாட்டுங்கோ என்று சொல்லியிருக்கலாம். நான் லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கிளினிக் டொக்டரிடம் பிறகு கேட்டேன். அந்தத் தேநீர்தான் அவருடைய நெஞ்சைக் கெடுத்ததா? “அப்பிடி ஒண்டைப் பிடிச்சுச் சொல்ல ஏலாது. கன காரணம் இருக்கும்” என்றார். நல்ல மனிதர், என்னை ஆறுதல்படுத்தப் பார்த்தார். நான் ஆறவில்லை.

தர்சினியிடம் இவ்வளவையும் சொன்னேன். மலரில் போட வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றேன். அவவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். நெடுநேரம் அழுதுவிட்டுச் சொன்னா: “எழுதுங்கோ அக்கா. வருத்தத்தையும் எழுதுங்கோ. எனக்காகத்தான் மறைச்சவ, இனி என்னத்துக்கு மறைக்கிறது?” ஆகவே எழுதுகிறேன். தயாபரி அக்கா யார் வீட்டுத் தண்ணீரையும் ஒதுக்கியவர் அல்ல. அவர் குளிசை போட்டிருந்தார், அவ்வளவுதான். என்னிடம் அந்தக் கதையைக் கேட்டவர்கள், நீங்கள் அதை யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடம் போய் இதையும் சொல்லுங்கள்.

ஒரு ஆள் மிச்சம் இருந்தா. என் அம்மா. “என்ர கைத் தேத்தண்ணி எண்டால் தயாபரிக்கு உயிர்” என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பவவிடம் எப்படிச் சொல்வது? மலர் வந்தால் யாரையாவது கொண்டு வாசிப்பிப்பா. அதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று நேற்றுப் பின்னேரம் குசினிக்குள் போய்ப் பக்கத்தில் இருந்து, முழுவதையும் சொன்னேன். அம்மா அரிசியில் கல்லுப் பொறுக்கிக்கொண்டிருந்தா. கை நிற்கவே இல்லை.

“எனக்குத் தெரியும்” என்றா. “நீ கிளினிக்கால வந்து, தயாபரி அக்காவும் அங்க நிண்டவ, இனி ஒரு மணித்தியாலம் பொறுத்துத்தான் தேத்தண்ணி எண்டு சொன்ன அண்டைக்கே விளங்கீட்டுது. நீ வவுனியாவுக்குப் பயிற்சிக்குப் போயிருந்த கிழமை, விடியக்காலமை முதல் பஸ் ஏறி அவவின்ர வீட்டை போனனான். கையைப் பிடிச்சு, தெரியாமல் உனக்கு நஞ்சு தந்திட்டன் பிள்ளை எண்டு அழுதனான்.”

அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“சீச்சீ அம்மா, நல்ல தேத்தண்ணி அது எண்டவ. அப்பதான் குளிசை போட்டிருந்தவவாம். எனக்கு மட்டும் போட்டுக்கொண்டு வந்தவ. நான் தொடேல்லை. நீயும் குடிக்கேக்க குடிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன். ஒரு மணித்தியாலம் ரெண்டு பேரும் இருந்து கதைச்சுப்போட்டுச் சேந்து குடிச்சனாங்கள்.”

தயாபரி அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு மணித்தியாலம். அதில் நான் இல்லை. அலுமாரிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு அவர் எதற்குக் காத்திருந்தார் என்பதும் இப்போது எனக்குத் தெரியும். அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு மிச்சத்தையும் சொன்னா:

“வெளிக்கிடேக்க கேட்டவ, கலா எப்ப வருவா எண்டு. வருவாள் பிள்ளை எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.”