மிளகாய்க்கு ஊற்றிய பாக்டீரியா

மலேசியாவில், காப்பாரில் எனக்கு ஒரு மிளகாய்த் தோட்டம் உண்டு. பூஞ்சை நோய் வேரில் புகுந்து செடிகள் வாடத் தொடங்கியபோது, கிள்ளானில் உரக்கடை வைத்திருக்கும் பெண் ஒரு பொடியை என் தலையில் கட்டினாள். தண்ணீரில் கலந்து ஊற்றினால், அதிலுள்ள நல்ல பாக்டீரியா வேரைச் சுற்றிப் பெருகி, பூஞ்சையை அண்டவிடாதாம். இரண்டு மாதம் ஊற்றினேன். செடிகள் செத்துக்கொண்டேதான் இருந்தன.

டிரம்மில் கலந்திருந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய், நாலு பேர் முன்னால் கத்தினேன்.

"மண்ண அரைச்சு விக்கிறியா? இதுல உயிர் இருந்தா காட்டு!"

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. பாட்டிலைத் திறந்து முகர்ந்தவள், முகத்தைச் சுளித்து என் மூக்கருகே நீட்டினாள்.

"பிளீச் வாடை அடிக்குது அண்ணே. இதுல எந்த பாக்டீரியா உயிரோட இருக்கும்? டிரம்ம யாரு கழுவுறது?"

கழுவுவது என் மனைவியின் தம்பி. பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார். அவரை முறைத்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. காப்பார் வரும்வரை காரில் தனியாக மச்சானைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

தோட்டத்தில் அவன் அந்த டிரம்மைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தான். பளபளவென்று இருந்தது.

"மடையா, எவன்டா உன்ன பிளீச் ஊத்தச் சொன்னது?" என்று பாய்ந்தேன்.

"நீங்கதான் மச்சான்," என்றான். "மருந்து கலக்குற டிரம் லா, ஒரு கிருமிகூட இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."