அம்மா ஆடாத காய்

மகளும் நானும் செல்போனில் சதுரங்கம் ஆட உட்கார்ந்தோம். ராஜாவுக்கு முன்னாலிருந்த சிப்பாயை அவள் இரண்டு கட்டம் தள்ளியதும் 'டொக்' என்று சத்தம் கேட்டது. அம்மாவின் மரக்காயும் அப்படித்தான் ஒலிக்கும்.

தொண்ணூறுகளில் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். ஷிப்டுக்குக் கிளம்பும்போது ஒரு காய் நகர்த்திவிட்டுப் போவாள். பள்ளி விட்டு வந்து நான் பதில் ஆடுவேன். சிப்பாய், குதிரை, மந்திரி என்று ஒரு நாளைக்கு ஒன்று. மூன்றாவதற்கு நான் பதில் ஆடிய சாயங்காலம் அம்மாவைக் கம்பெனி வேனில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். உயிர் இல்லை.

காரியம் முடிந்த வாரமே அப்பா என்னைப் போட்டிக்கு அழைத்துப் போனார். எதிரில் உட்கார்ந்த பல்லடத்துப் பெண் அதே மூன்று காய்களை அதே வரிசையில் ஆடினாள். நான்காவதாக ராஜாவை யானைப் பக்கம் நகர்த்திக் கோட்டை கட்டினாள். அது அம்மா ஆடாதது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுகைகூட வரவில்லை. கடிகாரம் ஓடியது. யாரோ அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

"டிரா பண்ணிக்கலாமுங்களா?" என்றாள் மெதுவாக.

"சரிங்க."

வெளியே அப்பா, "என்னாச்சு கண்ணு?" என்றார்.

"டிராங்கப்பா."

"செரி வா, ஊட்டுக்குப் போலாம்."

இப்போது மகளும் குதிரை, மந்திரிக்குப் பிறகு கோட்டை கட்டினாள். என் விரல் டிரா பட்டனை அழுத்தியது.

"ஏனுங்கம்மா, எப்பவும் இங்கயே டிரா கேக்கறீங்க? இப்பத்தானுங்க ஆரம்பிச்சோம்."