கொசுறுப் பெட்டிக்கு விழுந்த வரி

நம்போஸோவைக் கெட்டிக்காரி என்று எங்கள் ஊரான எம்பாலேயில் பலரும் சொல்வார்கள். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். அவள் நிதானமானவள், அது போதும். வமோனோவின் பழச்சாறு ஆலையில் ஆர்டர் பதிவது அவள் வேலை. அங்கே லாரி ஓட்டியவன் நான்.

ஆலையின் சரக்கில் பாதியை வாங்கியவள் கைன்ஸா. சந்தைப் பெண்களின் சேமிப்புக் குழுவுக்கு அவள்தான் தலைவி. பத்துப் பெட்டி வாங்கினால் ஒரு பெட்டி கொசுறு. யாரும் வகுத்த விதி அல்ல. எங்கள் சந்தையில் வெங்காயம் விற்பவள்கூட மேலே ஒன்று போடாமல் பையை நீட்டமாட்டாள். பத்தும் குழுவுக்கு, கொசுறு கைன்ஸாவுக்கு. வெயிலில் நின்று ஏற்றி இறக்கும் பாட்டுக்கு அவள் பார்த்த கூலி அது ஒன்றுதான்.

கையால் பில் எழுதிய காலத்தில் கொசுறை யாரும் ஆர்டரில் சேர்த்ததில்லை. அது விற்பனை என்று எவருக்கும் தோன்றவே இல்லை. பிறகு வரி அலுவலகத்தின் உத்தரவால் கணக்கு மென்பொருள் வந்தது. வாசலைத் தாண்டும் ஒவ்வொரு பெட்டியும் ஆர்டரில் இருந்தாக வேண்டும். நம்போஸோ பத்துப் பெட்டியை விலையோடு பதிந்தாள். அடுத்த வரிசையில் கொசுறு, விலை பூஜ்யம். வரியும் பூஜ்யமாகத்தான் வரும் என்று நினைத்தாள். ஆனால் முழு வரி விழுந்தது.

மென்பொருள்காரரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"இது விலைமேல போடற வரி இல்லக்கா. லிட்டருக்கு இவ்ளோன்னு. நீங்க சும்மா குடுத்தா சாறு ஆவியாவா போயிடும்?"

வமோனோ கையை விரித்தார். "சீனி விக்கிற விலையில நான் எங்கேர்ந்து கட்டுவேன்? வாங்கறவ கட்டட்டும்."

கைன்ஸா பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சும்மா குடுத்ததுக்கு எதுக்குடி காசு? விருந்துக்குக் கூப்பிட்டுட்டு விறகுக்குக் காசு கேப்பீங்களா உங்க வீட்ல?"

"நான் கேக்கலக்கா, மெஷின் கேக்குது."

"அப்ப மெஷினையே வந்து பெட்டி தூக்கச் சொல்லு."

கைன்ஸா போய்விட்டால் ஆலை தாக்குப்பிடிக்காது என்பது நம்போஸோவுக்குத் தெரியும். யோசித்து ஒரு வழி கண்டாள். கொசுறு வரிசையை எடுத்துவிட்டு, பத்தின் விலையைப் பதினொன்றுக்கும் பங்கிட்டாள். ஒவ்வொரு பெட்டியின் விலையும் குறைந்தது. வரி எல்லாவற்றின் மேலும் பரவி, பெரிதாகத் தெரியவில்லை. நல்ல ஏற்பாடு என்று நானும் நினைத்தேன்.

அடுத்த வாரம் கைன்ஸா பெட்டிகளின் பக்கமே போகவில்லை. நேராக மேசைக்கு வந்தாள்.

"பில்லுல பதினொண்ணுன்னு போட்டுட்டியே. பொம்பளைங்க பதினொண்ணையும் எண்ணிப் பிரிச்சுக்கிட்டாங்க. என் பெட்டி எங்கடி?"

 ஒன்று கொடையாக இருப்பதற்கு, அது கணக்குக்கு வெளியே இருக்க வேண்டும் போலும். உள்ளே வந்ததும் அது வெறும் சரக்கு. இதை நம்போஸோ யோசித்தாளா, தெரியாது. மறுபடி பழையபடியே விலை பூஜ்யம் என்று பதிந்தாள். வரியைத் தன் சம்பளத்திலிருந்து கட்டினாள். கைன்ஸாவிடம் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டாள்.

"உன் காசா?" என்று கேட்டாள் கைன்ஸா. "ஆலை குடுத்தா கொசுறு. நீ குடுத்தா பிச்சைடி. உன் பிள்ளைங்க சோத்துல எனக்கு ஒரு பெட்டியா?"

கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. கொசுறை மட்டும் என் லாரியிலிருந்து தானே இறக்கி, ஆலை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு அவள் வரவில்லை. தலைநகரத்துக் கம்பெனியின் வண்டி இப்போது சந்தைக்கே வருகிறது. அவர்கள் கொசுறு தருவதில்லை. பெட்டியைக் கடைவரை தூக்கிக் கொடுக்கிறார்கள்.

ஆலையில் ஓர் இயந்திரத்தை நிறுத்தினார்கள். லாரியை விற்றார்கள், நானும் வெளியே வந்தேன். நம்போஸோ பாதிச் சம்பளத்தில் இருக்கிறாள். யாரும் பத்துப் பெட்டி வாங்குவதில்லை. அதனால் விலை பூஜ்யம் என்று பதிய வேண்டிய வேலையும் இல்லை.

சென்ற மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். மென்பொருள்காரர் வந்திருந்தார். திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு பிழைகூட இல்லக்கா" என்றார்.

அவருக்கும் எனக்கும் குடிக்க ஆளுக்கொரு பாட்டில் எடுத்துக் கொடுத்தாள். பிறகு உட்கார்ந்து, அந்த இரண்டையும் ஆர்டரில் பதிந்தாள்.