கிராமசபையை மறித்த ஆடுகள்

எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: "நீயெல்லாம் ஆடு மேய்க்கத்தான் லாயக்கு." ஒன்பதாம் வகுப்பின் பாதியில் பள்ளியை விட்டேன். லாரி கிளீனர், பரோட்டாக் கடை, ஓசூரில் இரண்டு கம்பெனிகளில் காண்ட்ராக்ட் வேலை என்று சுற்றிவிட்டு, முப்பது வயதுக்கு மேல் உண்மையிலேயே ஆடு மேய்க்கப் போனேன். ஒரு வாரம் என் வேலையைக் கவனித்த ஆட்டுக்காரரின் மனைவி சொன்னார்: "உனக்கு இதுவும் வராது."

வாத்தியார் என்னைக் கொஞ்சம் உயர்த்தித்தான் மதிப்பிட்டிருக்கிறார்.

நான் அவர்களிடம் போய்ச் சேர்ந்ததும் திட்டமிட்டு நடந்ததல்ல. கம்பெனியில் காண்ட்ராக்டர் மாறினார். புதியவர் தன் ஆட்களைக் கூட்டிவந்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு ராயக்கோட்டை ரோட்டில் நடந்தேன். எதிரில் ஒரு செம்மறிக் கூட்டம் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. ஒருவர் என் கையில் நொண்டிக் குட்டி ஒன்றைக் கொடுத்து, "கொஞ்சம் புடிச்சுக்கோ" என்றார். உத்தனப்பள்ளி வரைக்கும் பிடித்துக்கொண்டு போனேன். அங்கே களி போட்டார்கள். அப்படியே தங்கிவிட்டேன்.

அவரை அண்ணா என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். அவர்கள் தங்களுக்குள் பேசுவது கன்னடம். என்னோடும் ஊர்க்காரர்களோடும் தமிழ். ஆடுகளோடு பேசுவது எந்த மொழி என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆடுகளுக்கு நான் பேசியதும் அப்படித்தான்.

அவர்களுக்கு வீடு என்று ஓர் இடம் கிடையாது. மழைக்காலம் முழுக்கக் காட்டுக்குள் கல் அடுக்கிய பழைய தொழுவங்களில் ஆடுகளோடு இருப்பார்கள். ராகி அறுப்பு முடிந்து நிலம் காலியானதும் கீழே இறங்கி வருவார்கள். கோடையில் விவசாயிகளின் நிலத்தில் வலை கட்டி ஆடுகளை இரவு அடைத்துவைப்பார்கள். பட்டி போடுவது என்று அதற்குப் பெயர். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு, தானியம் இவர்களுக்கு. மழை விழுந்து உழவு தொடங்கினால் கீழே ஆடு நிற்க ஒரு சாண் இடம் இருக்காது. முன்பு தரிசு இருந்தது. இப்போது தரிசெல்லாம் மனைப்பிரிவு. வாசலில் ஒரு வளைவு, அதில் பெயர், உள்ளே முள்ளுக்கம்பி.

ஆக, மழை வந்தால் காடு ஒன்றுதான். நான் சேர்வதற்கு முந்தைய வருடம் காட்டோரத்தில் ஒரு வனத்துறை கார்டு மறித்தார்.

"யாரக் கேட்டு உள்ள போறீங்க? பேப்பர் இருக்குதா?"

"எங்க தாத்தன் கட்டின தொழுவம் உள்ள இருக்குது சாமி, வந்து பாருங்க" என்றார் அண்ணா.

"கல்லக் காட்டுனா நான் மேல என்னான்னு எழுதறது?"

அந்த மழைக்காலத்தை ரோட்டோரத்திலும் ஏரிக்கரையிலும் கழித்தார்கள். கால் அழுகி ஆடுகள் செத்தன. அக்கா அதைப் பற்றிப் பேசமாட்டார். கேட்டால், "செத்தது செத்துது, இருக்கறத ஓட்டு" என்பார்.

நான் சேர்ந்த கோடையில் சட்டம் படித்த ஒரு பெண் ஸ்கூட்டரில் எங்களைத் தேடி வந்தார். மூன்று தலைமுறையாகக் காட்டில் மேய்ப்பவர்களுக்கு அந்த மேய்ச்சலில் உரிமை உண்டு, வருடத்தில் சில மாதங்கள் மட்டும் வந்து போகிறவர்களுக்கும் உண்டு என்று விளக்கினார். முதலில் காட்டை ஒட்டிய ஊரின் கிராமசபை, ஆமாம், இவர்கள் இங்கே மேய்த்தவர்கள்தான் என்று தீர்மானம் போடவேண்டும். அது மேலே போய் விசாரணை முடியும் வரைக்கும் யாரும் இவர்களை வெளியேற்றக்கூடாது. ஒரே சிக்கல், ஊரில் வயது வந்தவர்களில் பாதிப்பேர் கூட்டத்துக்கு வரவேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்கவேண்டும்.

இதைக் கேட்டு, அப்போது நாங்கள் பட்டி போட்டிருந்த காட்டோர ஊரின் ஊராட்சி செயலர் சிரித்தார். "பாதிப்பேரா? மேடம், இந்த ஊர்ல கால்வாசி ஃபர்ஸ்ட் ஷிப்டு, கால்வாசி செகண்ட் ஷிப்டு, கால்வாசி நைட் முடிச்சிட்டுத் தூங்குது. மிச்சம் பெங்களூரு."

முதல் கூட்டத்துக்கு நாங்கள் மூன்று பேர், செயலர், டீ கொடுக்க வந்தவர், நூறுநாள் வேலைக் கூலி வந்துவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பி வந்த நாலைந்து கிழவிகள். கூலி இல்லை என்று தெரிந்ததும் கிழவிகள் டீயைக் குடித்துவிட்டு, செயலரை நன்றாகத் திட்டிவிட்டுப் போனார்கள். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டாவது தேதியிலும் ஆள் சேராவிட்டால் மழைக்கு முன் மறுபடி கூட்ட முடியாது என்று செயலர் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் அக்கா, தங்கைக்குப் பிரசவம் என்று ஆனேக்கல் பக்கம் போகவேண்டியிருந்தது. போகும்போது அண்ணாவிடம் சொன்னார்: "வீடுவீடா போ. எல்லாரையும் கூட்டத்துக்கு வரச்சொல்லு. வேற எதுவும் பேசாத."

அண்ணாவுக்கு வேறு எதுவும் பேசத் தெரியாது. இல்லை என்று சொல்லவும் தெரியாது. அதுதான் வினையாயிற்று.

பட்டி வேண்டும் என்கிற விவசாயி, முறத்தில் ராகி கொண்டுவந்து ஆட்டுக்காரரின் துண்டில் கொட்டுவார். துண்டு விரித்து வாங்கிக்கொண்டால் வார்த்தை கொடுத்தாகிவிட்டது. கொட்ட வந்த தானியத்தை வேண்டாம் என்பது அந்த நிலத்தையே அவமதித்த மாதிரி. கொட்டியதைத் திருப்பி எடுப்பது விவசாயிக்கு அதைவிடப் பெரிய அவமானம். உரம் விற்கும் விலையில், காய்வதற்குள் மழையோடு மண்ணில் இறங்கிவிடும் என்பதால், முதல் மழைக்கு முந்தைய கடைசிப் பட்டி தன் நிலத்தில் விழவேண்டும் என்று ஊரே காத்திருந்தது.

நாங்கள் முதல் வீட்டுக்குப் போனோம். அது பெரிய பங்காளி வீடு. தக்காளி போடுகிறவர்.

"கூட்டத்துக்கு வரணுங்க" என்றார் அண்ணா.

"வர்றன்யா. வராம? கடைசிப் பட்டி நம்ம நெலத்துல போட்டுரு." முறம் வந்தது. அண்ணா துண்டை விரித்தார்.

அடுத்தது அவர் தம்பி முறையான சின்னப் பங்காளி. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே ராகி விதைக்கிறவர். இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவில் ஒரு வரப்பு. இரண்டு பேர் மனதுக்கும் நடுவில் மதில். அவரும் வருகிறேன் என்றார். அவரும் முறம் கொண்டுவந்தார். அண்ணா துண்டை விரித்தார்.

"அண்ணா, இப்பத்தான அங்க..." என்று இழுத்தேன்.

"எப்படிடா மாட்டேங்கறது? கொண்டுவந்துட்டாரே" என்றார்.

அடுத்த வீட்டிலும் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கடுத்த வீட்டிலும். சாயங்காலம் நான் ஒரு மூட்டையும் அவர் ஒரு மூட்டையும் சுமந்துகொண்டு திரும்பினோம்.

அக்கா திரும்பி வந்து மூட்டைகளைப் பார்த்தார். கையை விட்டு அளந்தார். அப்புறம் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"ஊர்ல எத்தன பேருக்குய்யா கடைசிப் பட்டி?"

அண்ணா தரையைப் பார்த்தார். "எல்லாருக்குந்தான்."

"எல்லாருக்கும் எப்படிய்யா கடைசி வரும்? உனக்கென்ன பத்து மந்தை இருக்குதா?" திரும்பி என்னிடம், "நீ படிச்சவன்தானடா? கூடப் போயி என்னடா பண்ண?"

"மூட்டை தூக்கினன்க்கா."

கூட்டத்தன்று ஊராட்சி அலுவலகத்தில் உட்கார இடமில்லை. ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குத் தெரியாமல் பட்டியை உறுதிப்படுத்திக்கொள்ள வந்திருந்தார். செயலர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். இருந்தாலும் பாதியைத் தொடவில்லை; பெண்கள் மிகக் குறைவு. ஆடுகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் நான் மந்தையை ஓட்டிவந்து எதிரில் புங்கமரத்தடியில் நிறுத்தியிருந்தேன். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது.

ஆள் சேரட்டும் என்று காத்திருந்த நேரத்தில்தான் பெரிய பங்காளி வாயைத் திறந்தார். "சீக்கிரம் முடிங்கப்பா. நாளைக்கு நம்ம நெலத்துல பட்டி."

"யாரு நெலத்துல?" என்றார் சின்னப் பங்காளி.

"ஏன், என் நெலத்துலதான். ராகி கொட்டியாச்சு."

"நானுந்தான் கொட்டினன்!"

"நானும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்புறம் கூடம் முழுக்க நானும், நானும். அண்ணா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ராகி வாங்கிய அதே துண்டு.

"ஊரையே ஏமாத்திட்டான்யா இந்தாளு! என் கை மேல போகாது" என்று பெரிய பங்காளி எழுந்தார். அவர் எழுந்ததும் நாலு பேர் எழுந்தார்கள். பைக்குகளை எடுக்க வெளியே வந்தார்கள். போய்விட்டால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லையென்றால் காடு இல்லை. அக்கா வாசலில் நின்று, மரத்தடியில் இருந்த என்னைப் பார்த்தார்.

ஆடு ஓட்டத் தெரியாதவன் என்று எனக்கு இருந்த பெயரை அன்று நான் காப்பாற்றினேன். தெருவோரம் தடுத்துப் பிடித்திருந்த மந்தையை ஒரு அதட்டல் போட்டேன். மேய்ச்சலுக்கு ஓட்டப் போட்ட அதட்டல் என்றுதான் யார் கேட்டாலும் சொல்வேன். ஆடுகள் தெரு முழுக்க அடைத்துக்கொண்டன. பைக்குகளுக்கு நடுவில் புகுந்தன. ஒன்று பெரிய பங்காளியின் சீட் கவரைத் தின்னத் தொடங்கியது.

"டேய், ஓட்டுடா!"

"ஓட்டறங்க, போகமாட்டேங்குதுங்க!"

அந்த நேரத்தில் செகண்ட் ஷிப்டு கம்பெனி வேன், பெண்களை ஏற்றிக்கொண்டு தெருவில் திரும்பியது. ஆடுகளுக்குப் பின்னால் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். அந்த ஹாரனுக்கு ஆடுகள் பழகியிருந்தன. கொஞ்ச நேரத்தில் சண்டைச் சத்தம் கேட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள், நீல ஓவர்கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக. சின்னப் பங்காளியின் மனைவி முன்னால் வந்தார்.

"என்னா நடக்குது இங்க?"

செயலருக்குத் திடீரென்று உற்சாகம் பிறந்தது. "அம்மா, எல்லாரும் உள்ள வந்து கையெழுத்துப் போடுங்க. அஞ்சு நிமிசம்."

பெண்கள் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார்கள்; பைக்கை எடுக்க முடியாத ஆண்களும் பின்னாலேயே திரும்பிப் போனார்கள். செயலர் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "சேந்துருச்சு" என்றார், தானே ஏதோ பிரசவம் பார்த்த மாதிரி.

அப்போதுதான் அக்கா பேசினார். குரல் உயரவில்லை.

"எங்காளு செஞ்சது தப்புதான். இல்லன்னு சொல்லத் தெரியாத ஆளு. ராகி ரெண்டு மூட்டையும் அப்படியே இருக்குது. யாருக்கு வேணுமோ வந்து திருப்பி எடுத்துக்கோங்க."

கொட்டின ராகியை எல்லார் முன்னாலும் முதலில் எடுப்பது யார்?

"எடுக்கலன்னா பட்டி உண்டு. ஆனா காடு இருந்தாத்தான் அடுத்த வருசம் ஆடு இருக்கும். ஆடு இருந்தாத்தான் பட்டி. இன்னிக்கு யாரு கையும் தூக்கலன்னா, வலையச் சுருட்டிக்கிட்டு இப்பவே ஆனேக்கல் பக்கம் போறோம். அப்பறம் மொதலும் இல்ல, கடைசியும் இல்ல."

பெரிய பங்காளி மேலே மின்விசிறியைப் பார்த்தார். சின்னப் பங்காளி கீழே பார்த்தார். யார் முதலில் தூக்குவது என்பது இப்போது அவர்கள் பிரச்சினை.

"கையத் தூக்குய்யா!" என்றார் சின்னப் பங்காளியின் மனைவி. "நான் போயி பஞ்ச் போடணும். லேட்டானா அரை நாள் லீவுல எழுதிடுவான்."

சின்னப் பங்காளியின் கை உயர்ந்தது. தம்பிக்குத் தான் குறைந்தவனா என்று அண்ணன் கையும் உயர்ந்தது. அப்புறம் எல்லாக் கைகளும். தீர்மானம் எழுதி முடிந்ததும் அக்கா தெருவுக்கு வந்து நாக்கை மடித்து ஒரு சத்தம் எழுப்பினார். ஆடுகள் ஓரம் ஒதுங்கின. வேன் போயிற்று. டிரைவர் என்னைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஏரிக்கரையிலிருந்து நடந்தால் எந்த நிலம் முதலில் வருகிறதோ அந்த வரிசையில் பட்டி என்று அக்கா முடிவு செய்தார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பங்காளிகள் இருவர் நிலமும் பாதையைத் தொடும் இடம் ஒன்றுதான். அதனால் வரப்புக்குக் குறுக்கே வலையைக் கட்டி, பாதி மந்தை இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று அடைத்தோம். விடிந்ததும் இருவரும் வரப்பின் மேல் உட்கார்ந்து புழுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் தலைய என் பக்கம் வெச்சுட்டு, வாலை அவன் பக்கம் வெச்சுப் படுத்துருக்குது" என்றார் பெரியவர்.

"நான் என்னா, வந்து திருப்பிப் படுக்கவெச்சனா?" என்றார் சின்னவர். அவர்கள் பேசிக்கொண்டது பல வருடங்களில் அதுதான் முதல் முறை என்று பிறகு சொன்னார்கள்.

முதல் மழை விழுந்ததும் காட்டோரம் போனோம். அதே கார்டு. செயலரின் முத்திரை வைத்த தீர்மான நகலை நான் வாசித்தேன்; அவர் வாங்கித் தானும் வாசித்தார். விசாரணை முடியும் வரைக்கும் தடுக்கக்கூடாது என்று சட்டம் படித்த பெண் போனில் இன்னொரு முறை சொன்னார். கார்டு போனை அண்ணாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் ஆடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, போங்க. வெள்ளாடு மட்டும் உள்ள வரக்கூடாது." ஆடுகள் பாதி உள்ளே போனபிறகு அண்ணாவின் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினார். "பெரியவரே, ஊர்ல எனக்கும் ஒரு அரை ஏக்கரா சும்மா கெடக்குது. எறங்கி வரும்போது..."

அண்ணாவின் கை தோளில் கிடந்த துண்டுக்குப் போயிற்று. அக்கா அந்தத் துண்டின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தார்.