உப்புப் பார்க்காத கறி

மாமனாரின் ஆண்டுத் திவசம் முடிந்து வந்த முதல் தீபாவளி அது. என்னைப் போட்டுக் குழப்பிய தீபாவளியும் அதுதான்.

கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் என் கணவரின் அம்மாவான மாமியோடு இருக்கிறோம். மாமி மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர்கள் வழக்கப்படி தீபாவளி காலையில் முதல் சாப்பாடு செத்தவர்களுக்குத்தான். அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வாழையிலையில் படைத்த பிறகே இருப்பவர்கள் கை நனைக்கலாம். மாமனாருக்குப் பிடித்தது இட்லியும் ஆட்டுக்கறியும். அந்தக் கறியை நான்தான் வைக்க வேண்டும் என்று மாமி சொல்லிவிட்டார்.

நானோ யாழ்ப்பாணத்துக்காரி. மாமனார் செத்த துடக்கில் விட்டதைத் தவிர, பதினொரு வருடமாகக் கேதார கௌரி விரதம் பிடிக்கிறவள். அந்த வருடம் பார்த்து விரதத்தின் இருபத்தோராம் நாளும் தீபாவளியும் ஒன்றாக வந்து விழுந்தன. பகல் முழுக்கப் பட்டினி கிடந்து, பின்னேரம் கோயிலில் காப்பு நூல் கட்டி முடிக்க வேண்டிய நாளில், விடியற்காலையில் இறைச்சிச் சட்டியைத் தொடுவதா?

"வேற ஆராவது சமைக்கலாமே, மாமி?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"வேற ஆளு வச்சா, நீ அவருக்குச் சொன்னது என்னாகிறது?" என்றார்.

நான் சொன்னது இதுதான். மாமனாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, டொக்டர் உப்பை அடியோடு நிறுத்தச் சொல்லியிருந்தார். மாமி சமைத்தால் இரக்கப்பட்டு ஒரு சிட்டிகை போட்டுவிடுவார் என்று, சமையலை என் கைக்கு எடுத்துக்கொண்டேன். டீச்சர் புத்தி, சொன்னால் சொன்னதுதான். கடைசி ஆறு மாதமும் அவர் என் உப்பில்லாத சாப்பாட்டைத்தான் சாப்பிட்டார். "என்னம்மா டீச்சர், இது கறியா, கழனித் தண்ணியா?" என்று கேலி செய்வார். ஒரு நாள் கேலி செய்யவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதார். "தீபாவளிக்கு உப்புப் போட்டு ஆட்டுக்கறி வச்சுத் தாறன் மாமா, இப்ப சாப்பிடுங்கோ" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார். தீபாவளிக்கு ஒரு கிழமை இருக்கையில் போய்விட்டார்.

எல்லோரும் அதை என் பாசம் என்று நினைத்தார்கள். உண்மை அதுவல்ல. அன்று அவரைச் சாப்பிட வைக்கத்தான் அப்படிச் சொன்னேன். அவர் இருந்திருந்தாலும் நான் உப்புப் போட்டிருக்க மாட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

யாரைக் கேட்டாலும் தெளிவு பிறக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தேன். "விரதகாரி மச்சம் மாமிசம் தொடுறதோ? உனக்கென்ன விசரே?" என்று அம்மா சீறினார். டவுன் கோயில் ஐயர், "மனசுதானம்மா முக்கியம்" என்றார். எந்த மனசு என்று அவர் சொல்லவில்லை. என் கணவர் பேப்பரை விட்டுத் தலை நிமிர்த்தாமல், "நீயே யோசிச்சுச் செய்யி" என்றார். யோசித்து யோசித்துத்தானே இந்த நிலைக்கு வந்திருக்கிறேன்! அந்தப் பேப்பரைப் பிடுங்கிக் கிழிக்கலாம் போல் ஆத்திரம் வந்தது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். சமைப்பேன், ஆனால் வாயில் வைக்க மாட்டேன். பிறகு தலை முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போவேன். கௌரி அம்மன் இதைப் பொறுத்துக்கொள்வாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

தீபாவளியன்று விடியும்போது மழை பிடித்துக்கொண்டது. மாமி எல்லோர் தலையிலும் எண்ணெய் வைத்துக் குளிக்க அனுப்பினார். நான் வெங்காயம் வதக்கி, இறைச்சியைக் குக்கரில் போட்டு மூடிய நேரம் பார்த்து அம்மாவின் போன்.

"என்ன செய்யிறாய்?"

"சாமிப்படம் துடைக்கிறன் அம்மா."

குக்கர் கூவியது.

"உதென்ன சத்தம்?"

"கடலை அவியுது அம்மா. பின்னேரம் படைக்க."

விரத நாளில் பொய்யும் சேர்ந்துகொண்டது. போனை வைத்துவிட்டுக் குக்கரைத் திறந்தேன். உப்புப் போத்தல் மூடியில்லாமல் பக்கத்தில் இருந்தது. உப்புப் போட்டேனா? போடத்தான் திறந்தேனா, போட்டுவிட்டு மூட மறந்தேனா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. கறியின் நிறத்தைப் பார்த்தேன், மணத்தைப் பார்த்தேன். மணத்தில் உப்புத் தெரியுமா என்ன?

"மாமி, கொஞ்சம் உப்புப் பாருங்கோவன்."

"படையல் கறிய யாராச்சும் முன்னாடியே நாக்குல வப்பாங்களா? எச்சில் ஆயிரும்!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. போட்டிருந்து மறுபடியும் போட்டால் கறி கெட்டுவிடும். போடாமல் விட்டால், செத்த பிறகும் அந்த மனிசனுக்கு உப்பில்லாத சாப்பாடு. கெட்டாலும் கெடட்டும் என்று இரண்டு கரண்டி அள்ளிப் போட்டேன்.

மாமனாரின் படத்துக்கு முன்னால் புது வேட்டி, இட்லி, முறுக்கு, கால் போத்தல் சாராயம், என் கறி. சாம்பிராணி காட்டிவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். செத்தவர்கள் வந்து சாப்பிடும்போது யாரும் பார்க்கக் கூடாதாம். நான் விறாந்தையில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் தட்டைத் தள்ளி வைக்கிறாரோ என்று பைத்தியக்காரத்தனமாகப் பயந்தேன்.

கதவைத் திறந்து முதலில் கை வைத்தவர் என் கணவர். ஒரு வாய் வைத்தவர் உடனே தண்ணீர்க் கோப்பையை எடுத்தார்.

"என்ன இது, இப்பிடி உப்புக் கரிக்குது!"

"சும்மா சாப்பிடுடா" என்று அதட்டிவிட்டு மாமி ஒரு துண்டு இறைச்சியை வாயில் போட்டு நிதானமாக மென்றார். கண் கலங்கிவிட்டது.

"ஆறு மாசத்துக்கும் சேத்துப் போட்டுட்ட" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இன்னொரு இட்லியை எடுத்து அந்தக் குழம்பிலேயே தோய்த்தார்.

பதினொரு வருடத்தையும் நினைத்தேன், அம்மாவையும் நினைத்தேன். பிறகு மாமனாரின் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, மிச்சமிருந்த கறியை இட்லியில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். தொண்டை எரிந்தது. மாமி என் முதுகைத் தடவிவிட்டார். அன்று பின்னேரம் நான் காப்புக் கட்டப் போகவில்லை.